இரண்டு கதவுகளுக்கு நடுவே

ஏப்ரல் மாதத்து வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த ஒரு சனிக்கிழமை மத்தியானம், ஓஸ்வால்டும் ஆஞ்சலாவும் குக் டவுனில் அந்தப் பழைய ஓட்டு வீட்டுக்குக் குடிவந்தார்கள். இதற்கு முன்பு பார்த்த நான்கு வீடுகளையும் ஏதேதோ காரணம் சொல்லித் தட்டிக்கழித்த ஓஸ்வால்ட், இந்த வீட்டின் வாசலில் கால் வைத்ததுமே சரி என்றுவிட்டான். மற்ற வீடுகளில் இல்லாத ஒன்று இதில் இருந்தது. தெருப்பக்கம் ஒரு கதவு. அதைத் தாண்டினால் ஆறடி நீளத்தில் ஒரு குறுகிய நடை. அதன் முடிவில் பாதிக்குமேல் கண்ணாடி பதித்த இன்னொரு கதவு. அதைத் திறந்தால்தான் ஹால். அந்த நடை எதற்கும் பிரயோஜனம் இல்லை, செருப்பு விடத்தான் ஆகும் என்று வீட்டுக்காரரே சங்கடத்தோடு சொன்னார்.

வண்டியிலிருந்து பீரோவைக்கூட இறக்கி முடிக்கவில்லை. ஓஸ்வால்ட் ஒரு திருப்புளியை எடுத்துக்கொண்டு போய் வெளிக்கதவின் மேல் தாழ்ப்பாளையும் கீழ்த் தாழ்ப்பாளையும் கழற்றிவிட்டான். பூட்டு மாட்டும் கொண்டியையும் விடவில்லை.

ஆஞ்சலா இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"அங்க கனடாவுல குளிர்காலத்துல யாரும் வெளிக்கதவைப் பூட்ட மாட்டாங்க, ஆஞ்சி. யாராவது வழி தப்பி வந்தா உள்ள வந்துடணும்" என்றான் அவன்.

"இது பெங்களூரு. வெளிய முப்பத்தேழு டிகிரி. இங்க யாரு வழி தப்பி வரப்போறா?"

அவன் திருகாணிகளைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான். உள்கதவிலாவது தாழ்ப்பாள் இருக்கிறதே என்று அவள் மனதைத் தேற்றிக்கொண்டாள். ஊருக்குத் திரும்பி வந்ததிலிருந்து அவன் செய்வது எதற்கும் அவள் அதிகம் காரணம் கேட்பதில்லை.

ஏழு குளிர்காலங்களை அவன் கனடாவின் வடகோடியில் மூவாயிரம் பேர் வாழும் ஒரு ஊரில் கழித்திருந்தான். வீடுகளுக்குச் சூடு தரும் பாய்லர்களைப் பழுது பார்க்கும் வேலை. ஆண்டுக்கு ஒருமுறை விடுமுறையில் வருவான். மற்ற நாட்களில் போனில்தான் குடும்பம். அந்த ஊரைப் பற்றி அவன் சொல்வதைக் கேட்க அவளுக்குப் பிடிக்கும். டிசம்பரில் பகல் மூன்று மணிக்கே இருட்டிவிடும். மைனஸ் நாற்பதில் இமைமயிர் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். காரை நிறுத்தினால் அதன் எஞ்சினுக்கு மின்சார வயர் சொருகி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் காலையில் அது கல். ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு கதவு, குளிரை நடுவிலேயே நிறுத்தி வைக்க. ஒருமுறை அவன் பனியில் நடந்துகொண்டே வீடியோ அனுப்பினான். காய்ந்த பனி காலுக்கடியில் நசுங்கும் சத்தம், கறுக் கறுக்கென்று, மாவு மூட்டையைக் கையால் அழுத்துவது போலக் கேட்டது.

லிங்கராஜபுரத்துப் பையன் ஃபிராங்க்ளினை அந்த வேலைக்கு அழைத்துப் போனதும் ஓஸ்வால்ட்தான். இருவரும் ஒரே பங்குக் கோயிலைச் சேர்ந்தவர்கள். போன டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு ஆறு நாள் இருக்கும்போது, ஃபிராங்க்ளின் அங்கே பனியில் உறைந்து செத்துப்போனான். குடித்துவிட்டு வந்து ஓஸ்வால்டின் வீட்டுப் படியில் விழுந்து கிடந்தான் என்றும், பதினாறு மணி நேரம் வேலை பார்த்துவிட்டு அடித்துப்போட்டதுபோல் தூங்கிய ஓஸ்வால்டுக்கு எதுவும் கேட்கவில்லை என்றும் எல்லோருக்கும் தெரிந்தது. பெட்டியை ஓஸ்வால்டே கொண்டுவந்து கல்பள்ளிக் கல்லறையில் அடக்கம் செய்தான். ஃபிராங்க்ளினின் மனைவி லீனா அப்போது நிறைமாதம். பத்து நாள் கழித்து ஆண் குழந்தை பிறந்தது. ஓஸ்வால்ட் திரும்பிப் போகவில்லை.

குடிவந்த இரண்டாவது வாரத்தில் அது ஆரம்பித்தது.

ஆஞ்சலா பள்ளியில் பரீட்சைத் தாள் திருத்திவிட்டு மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்தாள். வெளிக்கதவின் பித்தளைக் கைப்பிடியில் வெயில் நேராக விழுந்துகொண்டிருந்தது. சுடுமே என்று நினைத்துக்கொண்டேதான் பிடித்தாள். சுடவில்லை. உள்ளங்கை பிடியோடு ஒட்டிக்கொண்டது. ஷாக் அடிக்கிறது என்று நினைத்துக் கத்தினாள். இழுத்துப் பார்த்தாள், தோல் பிய்வதுபோல் எரிந்தது.

ஓஸ்வால்ட் உள்ளேயிருந்து ஓடிவந்து கதவிடுக்கில் பார்த்தான். என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. சமையலறைக்கு ஓடி ஒரு சொம்பில் வெதுவெதுப்பான தண்ணீர் கொண்டுவந்து, அவள் விரல்களின் மேல் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினான்.

"இழுக்காத. தானா விடும்" என்றான், மிகவும் மெதுவாக.

கை விடுபட்டது. உள்ளங்கையில் ஒரு கோடு வெள்ளையாக, உணர்வில்லாமல் இருந்தது. ஆஞ்சலாவைப் பயமுறுத்தியது அந்தக் கோடு அல்ல. அவன் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

அதற்குப் பிறகு நடையிலிருந்து ஒரு வாசனை வரத் தொடங்கியது. நனைந்த கம்பளியும் டீசலும் கலந்த வாசனை. பினாயில் ஊற்றிக் கழுவினாள். அரைமணியில் திரும்பி வந்தது. வீட்டில் ஃபேன் சுற்றச் சுற்ற வியர்த்து வழியும். செருப்பு விட அந்த நடைக்குப் போனால் கால் விரல் விறைக்கும்.

ஒரு புதன்கிழமை, சாயங்காலம் ஐந்து மணி. வெளியே நல்ல வெளிச்சம். ஹாலில் நின்று துணி இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். ஓஸ்வால்ட் மருந்துக் கடைக்குப் போயிருந்தான்.

நடையில் யாரோ நடந்தார்கள்.

கறுக். கறுக். கறுக்.

சிமெண்டுத் தரையில் அந்தச் சத்தம் வராது. அது எதில் வரும் என்று அவளுக்குத் தெரியும்.

சத்தம் உள்கதவுக்கு அந்தப்பக்கம் வந்து நின்றது. ஆஞ்சலா இஸ்திரிப் பெட்டியைக் கையிலேயே பிடித்தபடி கண்ணாடியைப் பார்த்தாள். கண்ணாடியில், ஒரு ஆள் நின்றால் முகம் இருக்கும் உயரத்தில், வெள்ளையாக ஒரு வட்டம் படிந்தது. உறைபனி. அது கொஞ்சம் பெரிதானது. கொஞ்சம் சுருங்கியது. மறுபடியும் பெரிதானது.

மூச்சு.

அவள் எட்டிப் போய்த் தாழ்ப்பாளைப் போட்டாள்.  ஓஸ்வால்ட் வந்து வெளிக்கதவைத் திறக்கும் வரை அந்த வட்டம் அங்கேயே இருந்தது. அவன் நடைக்குள் கால் வைத்ததும் கண்ணாடி தெளிந்துவிட்டது.

அன்றைக்கு அவனை உட்காரவைத்துக் கேட்டாள். தனக்கு முதல் நாளிலிருந்தே கேட்கிறது என்று ஒப்புக்கொண்டான். அது யார் என்று கேட்டதும் பேச்சை மாற்றினான். ஃபாதரைக் கூப்பிட்டு வீட்டை மந்திரிக்கலாம் என்றாள். வேண்டாம் என்றான். ஊருக்கு வந்து நான்கு மாதமாக அவன் பூசைக்கு வருகிறானே தவிர, ஒருநாள்கூட நற்கருணை வாங்க எழுந்து போனதில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, லீனா குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். இருபத்தாறு வயதுப் பெண். நான்கு மாதத்துக்குள் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. சோபாவின் நுனியில் உட்கார்ந்துகொண்டு, வந்த விஷயத்தைச் சொல்லக் கூச்சப்பட்டாள். குழந்தைக்கு மே மாதம் ஞானஸ்நானம் வைத்திருக்கிறார்களாம். ஞானத்தகப்பனாக ஓஸ்வால்ட் அண்ணன்தான் நிற்க வேண்டுமாம்.

"அவர எங்ககிட்ட கொண்டுவந்து சேர்த்தது நீங்கதானே ண்ணா. உங்கள விட்டா இவனுக்கு வேற யாரு?" என்றாள்.

குழந்தை இல்லாத பதின்மூன்று வருடத்தில் இப்படி ஒரு வார்த்தைக்காக ஆஞ்சலா எவ்வளவோ ஏங்கியிருக்கிறாள். சந்தோஷத்தோடு கணவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

லீனா குழந்தையின் முதுகைத் தட்டிக்கொடுத்தபடியே, யோசனையோடு இன்னொன்றும் கேட்டாள். குற்றம் சொல்லும் குரல் இல்லை அது. ராத்திரிகளில் படுத்துக்கொண்டு அவள் தனக்குள் கேட்டுக்கொள்ளும் கேள்விபோல இருந்தது.

"அங்க யாருமே வெளிக்கதவப் பூட்ட மாட்டாங்கன்னு அவரு சொல்லுவாரே ண்ணா. அப்புறம் ஏன் அவரால உள்ள வர முடியல?"



"கதவு உறைஞ்சு ஒட்டிக்கிச்சும்மா" என்றான் ஓஸ்வால்ட்.

உள்கதவில் மூன்று தட்டு விழுந்தது.

லீனாதான் எழுந்து போய்த் திறந்தாள். யாரும் இல்லை. காற்றாக இருக்கும் என்றாள். நடையில் ஏசி போட்டிருக்கிறீர்களா, இப்படிச் சில்லென்று இருக்கிறதே என்று கேட்டுவிட்டு, குழந்தையை முந்தானையால் மூடிக்கொண்டாள். மூன்றரை மணிக்கு ஆட்டோ பிடித்துப் போய்விட்டாள்.

ஆட்டோ சத்தம் தேய்ந்ததும் ஆஞ்சலா கேட்டாள்.

"நீங்க பூட்டினீங்களா?"

அவன் சோபாவில் அப்படியே சரிந்தான். முகத்தை மூடிக்கொண்டு, விரல்களுக்கு நடுவிலிருந்து பேசினான்.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போக ஒருவருக்குத்தான் விடுப்பு கிடைத்தது, அது ஓஸ்வால்டுக்கு. லீனாவுக்குப் பிரசவ நேரம், அந்த விடுப்பை எனக்குக் கொடுத்துவிடுங்கள் என்று ஃபிராங்க்ளின் கெஞ்சியிருக்கிறான். இவன் மறுத்துவிட்டான். அன்று சாயங்காலம் ஏழு மணிக்கு அவன் குடித்துவிட்டு வந்து கதவைத் தட்டினான். மைனஸ் நாற்பத்து மூன்று. தெருவில் அவன் தள்ளாடி வருவதை ஜன்னல் வழியாகப் பார்த்ததுமே, ஓஸ்வால்ட் போய் வெளிக்கதவைப் பூட்டியிருந்தான். அந்த ஊரில் யாரும் செய்யாத காரியம்.

"பத்து நிமிஷம் நிக்கட்டும், போத தெளியட்டும்னுதான் நெனச்சேன், ஆஞ்சி. உக்காந்திருந்தேன். அசதி. அப்படியே கண்ண மூடிட்டேன்."

விழித்தபோது காலை ஐந்து. ஃபிராங்க்ளின் படியில் உட்கார்ந்த வாக்கிலேயே இருந்தான். குளிரில் சாகிறவர்களுக்குக் கடைசி நேரத்தில் உடம்பு எரிவதுபோல் இருக்குமாம், போட்டிருக்கும் துணியை அவர்களே கழற்றிவிடுவார்களாம். அவனுடைய ஜாக்கெட்டும் சட்டையும் மடித்துப் பக்கத்தில் வைக்கப்பட்டிருந்தன.

ஆஞ்சலா அவனிடமிருந்து தள்ளிப் போய் நின்றாள். மனிதர்கள் இப்படியும் செய்வார்களா என்று இருந்தது. ஒரு பெண் ஒக்கலில் பிள்ளையோடு வந்து நன்றி சொல்லிவிட்டுப் போகிறாள். இவன் சோற்றைத் தின்றுகொண்டு நான்கு மாதமாக உட்கார்ந்திருக்கிறான். அவள் வாயைத் திறந்தபோது வெளியே இருட்டிக்கொண்டு வந்தது.

மணி நான்குகூட ஆகவில்லை. மேகம் ஓட்டுக்கு மேலேயே வந்து இறங்கியதுபோல் வீடு கறுத்தது. கோடை மழைதான், வருடா வருடம் வருவதுதான். ஓட்டின் மேல் ஆலங்கட்டி படபடவென்று விழுந்தது. ஃபேன் சுற்றுவதை நிறுத்தியது.

வெளிக்கதவில் தட்டும் சத்தம் கேட்டது.

ஆலங்கட்டி சத்தத்துக்கு நடுவிலும் அது தனியாகக் கேட்டது. மூன்று தட்டு. ஒரு நிறுத்தம். மூன்று தட்டு.

"அண்ணா."

ஆஞ்சலாவுக்கு அந்தக் குரல் தெரியும். கோயில் பாடகர் குழுவில் பாடிய குரல். இப்போது உதடு விறைத்துப்போய், வார்த்தை சரியாக வராமல் குழறியது.

"அண்ணா, தொறங்க ண்ணா. குளிருது."

"அங்க தாழ்ப்பாளே இல்லையே" என்று கிசுகிசுத்தாள் ஆஞ்சலா. "அவனே வந்துடலாமே."

"வர மாட்டான். நான்தான் தொறக்கணும்."

அவன் எழுந்தான். ஆஞ்சலா அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"தொறக்காதீங்க."

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே கேட்டது. ஆனாலும் கையை விடவில்லை.

தட்டுவது நின்றது. ஆலங்கட்டியும் சற்று ஓய்ந்தது. அந்த அமைதியில் மிகத் தெளிவாக, மெதுவாக, ஜிப்பைக் கீழே இழுக்கும் சத்தம் கேட்டது.

ஓஸ்வால்டின் தொண்டையிலிருந்து ஒரு முனகல் வந்தது. அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து விடுவித்துக்கொண்டு, உள்கதவைத் திறந்து நடைக்குள் போனான். ஒரு நொடிதான் அவள் பார்த்தாள். நடை நடையாக இல்லை. வெள்ளையாக, முடிவில்லாமல் இருந்தது. அவன் கை வெளிக்கதவை நோக்கி நீண்டது. பிறகு குளிர் ஒரு ஆளைப்போல அவளை மோதித் தள்ளியது. உள்கதவு அறைந்து சாத்திக்கொண்டது.

ஆஞ்சலா தாழ்ப்பாளைப் போட்டாள்.

யோசித்துப் போடவில்லை. கை போட்டுவிட்டது.

கண்ணாடி முழுக்க வெள்ளை படர்ந்தது. அந்தப்பக்கம் இரண்டு பேர் நடக்கும் சத்தம். பேச்சுக் குரல், என்ன பேசினார்கள் என்று புரியவில்லை. கொஞ்ச நேரம் எதுவும் இல்லை.

பிறகு உள்கதவில் தட்டும் சத்தம்.

"ஆஞ்சி. தொற."

அவன் குரல்தான். ஆனால் உதடு விறைத்திருந்தது. வார்த்தை குழறியது.

"ஆஞ்சி."

அவள் தாழ்ப்பாளில் கை வைத்தாள். இரும்பு கையைக் கடித்தது. தட்டுகிறவன் தன் புருஷன்தானா? அவனாகவே இருந்தாலும், திறந்தால் அவனோடு சேர்ந்து உள்ளே வருவது எது? அவள் கையை எடுத்துவிட்டாள். சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு, காதைப் பொத்திக்கொண்டு, தெரிந்த ஜெபத்தையெல்லாம் பாதி பாதியாகச் சொன்னாள். தட்டுவது மெலிந்தது. கடைசியில் நகத்தால் பிறாண்டுவதுபோல் கேட்டது. அதுவும் நின்றது.

பக்கத்து வீட்டு ஷ்ரேயாஸ், வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவன், கரண்ட் விஷயமாகக் கேட்க வந்து வெளிக்கதவைத் தள்ளித் திறந்தபோது மணி நாலரை ஆகியிருந்தது. "ஏனாய்து மேடம், என்ன ஆச்சு?" என்று அவன் பதறிக் கத்திய பிறகுதான் அவள் தாழ்ப்பாளை எடுத்தாள்.

ஓஸ்வால்ட் நடையில் சுருண்டு கிடந்தான். மூச்சு இருந்தது. சட்டையும் பனியனும் கழற்றி, ஒழுங்காக மடித்து, பக்கத்தில் வைக்கப்பட்டிருந்தன.

ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் மாற்றி மாற்றி வந்து பார்த்தார்கள். மீன் வைக்கும் குளிர்க்கிடங்கில் வேலையா என்று கேட்டார்கள். பத்து விரலும் கருத்திருந்தன. ஏழை எடுக்க வேண்டியதாயிற்று. கதவு இறுகிக்கொண்டது, எவ்வளவு இழுத்தும் வரவில்லை என்று ஆஞ்சலா ஷ்ரேயாஸிடம் சொன்னாள், டாக்டரிடம் சொன்னாள், கேட்ட எல்லோரிடமும் சொன்னாள். நினைவு வந்த மூன்றாம் நாள், ஓஸ்வால்ட் கூரையைப் பார்த்தபடியே அவளிடம், "நீ தொறக்காததே நல்லது" என்றான். அது மன்னிப்பா, வேறு ஏதாவதா என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. நடையில் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதை அவன் சொல்லவில்லை.

லீனாவை அவனே வரச்சொன்னான். கட்டுப்போட்ட கைகளை மார்மேல் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னான். அவள் அழவில்லை. குழந்தையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"பத்து நிமிஷம்" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். அதோடு எழுந்து போய்விட்டாள்.

மூன்று வாரம் அவளிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. ஆஞ்சலா அதற்குள் வீட்டைக் காலி செய்துகொண்டு, ஈஜிபுராவில் தம்பி வீட்டு மாடிக்குப் போய்விட்டாள். பிறகு ஒரு வரி வாட்ஸ்அப் வந்தது. ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு ஞானஸ்நானம். ஞானத்தாயாக ஆஞ்சலா அக்கா நிற்கட்டும். அண்ணன் வர வேண்டாம்.

எந்தத் தகுதியில் போய் நிற்பது என்று அவள் இரண்டு நாள் குமைந்தாள். கடைசியில் போனாள். கோயிலில் நல்ல புழுக்கம். ஃபாதரின் கழுத்தில் வியர்வை ஓடியது. லீனா அவள் முகத்தைப் பார்க்காமலே குழந்தையைக் கையில் கொடுத்தாள். நெற்றியில் தண்ணீர் விழுந்தபோது குழந்தை அழவில்லை. ஆஞ்சலாவின் இடது பக்கம், யாருமே நிற்காத இடத்தை அண்ணாந்து பார்த்துப் பொக்கைவாயைத் திறந்து சிரித்தது. கையை அந்தப் பக்கம் நீட்டி, எதையோ வாங்கிக்கொள்வதுபோல் விரல்களை மூடிக்கொண்டது.

பெயர் சொல்லி முடித்து, எல்லோரும் போட்டோவுக்கு நகர்ந்தார்கள். குழந்தையின் உடம்பு வெதுவெதுவென்று இருந்தது. மூடிய அந்த வலது கை மட்டும் ஆஞ்சலாவின் கழுத்தில் பட்டபோது அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

அந்தச் சின்ன விரல்களை அவள் மெல்லப் பிரித்துப் பார்த்தாள்.

உள்ளங்கையில் ஒரு சிட்டிகை பனி. காய்ந்த, மாவு போன்ற பனி.

லீனா போட்டோவுக்குக் கூப்பிட்டாள். ஆஞ்சலா விரல்களை மறுபடியும் மூடிவிட்டு நடந்தாள். வாசலுக்கு வந்து, மே மாதத்து வெயிலில் நின்று, இரண்டு போட்டோ எடுத்து முடித்த பிறகு திரும்பவும் பிரித்துப் பார்த்தாள்.

அது உருகவே இல்லை.